ஏரிக்கரையில் கேப்டன் வெக்ஸ்கம்

கடலே இல்லாத நாட்டுக்குப் போய் ஒரு கடல்காரரைத் தேடப்போகிறேன் என்றதும் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ரிட்டயர் ஆனா உங்களுக்கு இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும்னு எங்க அக்கா அப்பவே சொன்னா," என்றாள். அப்படிச் சொன்னவள்தான் பெட்டியில் இரண்டு டப்பா தூத்துக்குடி மக்ரூனை நொறுங்காமல் துணி சுற்றி வைத்தாள்.

நான் துறைமுகத்தில் கடலாழம் அளக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். படகின் ஓரத்தில் நின்று கயிற்றில் கட்டிய ஈயத்தைக் கடலுக்குள் விட்டு, "ஏழு பாகம்! ஆறரை பாகம்!" என்று, பாகத்துக்கு ஆறடிக் கணக்கில், கத்துகிற கலாசியாகத்தான் சேர்ந்தேன். கடைசியில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் நடுவிலுள்ள கடலின் நூற்றைம்பது வருஷப் பழைய வரைபடம் ஒன்று தொங்கியது. மூலையில் பொடி எழுத்தில் 'வெக்ஸ்கம்' என்று ஒரு பெயர். ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷமாக அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்ன மனுஷன் ஐயா அவர்! இங்கிலாந்தில் ஓர் ஏழைப் பாதிரியார் வீட்டுப் பிள்ளை. பதின்மூன்று வயதில் கப்பலேறி, தளம் கழுவி, அடி வாங்கி, நட்சத்திரத்தை வைத்து இடம் குறிக்கக் கற்று, சொந்த முயற்சியில் அளவையாளராக வந்தவர். நம் கரையில் மட்டும் பதினொரு வருஷம் கிடந்தார். மணல்வெளியில் சங்கிலி போட்டு அளப்பார். பனைமரத்தில் கொடி கட்டிக் கோணம் பார்ப்பார். வெயில் ஏறுவதற்குள் படகை இறக்கி, கோடு கோடாகக் கடலை உழுதுவிடுவார். ஈயத்தின் அடியில் கொழுப்பு தடவி, அதில் ஒட்டிவருவது மணலா சேறா சிப்பியா என்றுகூடக் குறித்திருக்கிறார். என் காலத்தில் ஒலியலைக் கருவி வந்தது. அதை வைத்து அவருடைய எண்களைச் சரிபார்த்தபோது பல இடங்களில் அரைச் சாண் வித்தியாசம்கூட இல்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவர் பேரில் ஒரே ஒரு கறை. பருத்தித்துறைக்கு வடமேற்கே ஒரு மணல்திட்டு. கப்பல் போகுமளவுக்குத் தண்ணீர் உண்டு என்று அவர் படம் சொன்னது. அதை நம்பி வந்த கப்பலொன்று அங்கே தரைதட்டி உடைந்தது, பலர் மூழ்கினார்கள். அப்போது வெக்ஸ்கம் காய்ச்சலோடு இங்கிலாந்தில் கிடந்தார். அவர் இல்லாமலே விசாரணை நடந்தது. ஈயம் போட்ட உள்ளூர் லஸ்கர், அதாவது கலாசி, ஆழத்தைத் தப்பாகக் கூவிவிட்டான் என்று தீர்ப்பெழுதினார்கள். லஸ்கரை வேலையை விட்டு விரட்டினார்கள். வெக்ஸ்கம் பேரில் குற்றமில்லை. ஆனாலும் சில மாதத்தில் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு சுவிட்சர்லாந்துக்குப் போன மனிதர், அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே செத்தார். ஏன் போனார் என்று எந்த ஆவணத்திலும் இல்லை.

என் புத்தகம் அச்சுக்குத் தயாராக இருந்தது. அடுத்த மாதம் மூன்றாம் புதன்கிழமை அச்சேற்றுவதாகப் பதிப்பாளர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில்தான் தவராசா என்பவரிடமிருந்து கடிதம் வந்தது. பருத்தித்துறைக்காரர்; அகதியாக சுவிஸுக்குப் போய் முப்பது வருஷமாகிறது; துன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. என் அத்தியாயங்களை இணைய இதழில் படித்திருக்கிறார். அந்த இல்லத்தில் இருக்கும் ஃபிரவ் மார்ட்டி, அதாவது திருமதி மார்ட்டி, என்ற அம்மாள் வெக்ஸ்கமின் கொள்ளுப்பேத்தியாம். அவர் கடலில் வைத்து எழுதிய ஆழப் புத்தகம் அவளிடம் இருக்கிறதாம். அதுவும் அதே புதன்கிழமை ஆவணக்காப்பகத்துக்குப் போய்விடும். அவர்கள் பட்டியல் போட்டு வெளியே விட வருஷக்கணக்காகும்.

திட்டு அளந்த நாளின் பக்கம் அதில் இருந்தே தீரும். என் ஆள் குற்றமற்றவர் என்று அவர் கையெழுத்திலேயே காட்டிவிடலாம். விசா கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேர்ண் நகரம் வந்து சேர்ந்தேன். தவராசாவின் வீடு அங்கே பூம்ப்ளிஸ் பகுதியில், மூன்றாவது மாடி. ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, பேசும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "வாங்கோ அண்ணை, குளிருதோ?" என்று கேட்டுக்கொண்டே என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் மனைவி வசந்தி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவர். குழல்புட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தார். மீன் ஏரி மீன். குழம்பு அற்புதம், மீனுக்கு மட்டும் ஒரு ருசியும் இல்லை.

"உப்பில்லாத தண்ணியில வளந்த மீன் வேற எப்படி இருக்கும்?" என்றேன்.

"அப்ப உங்கட கடலைக் கொஞ்சம் கொண்டு வந்திருக்கலாமே அண்ணை," என்றார் வசந்தி. எனக்கு இரண்டாம் முறை புட்டு வைத்த பிறகுதான் சொன்னார்.

மாலையில் டிராமில் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே கட்டடத்துக்குள் நம் கோயில், பக்கத்திலேயே பள்ளிவாசல், அப்புறம் விகாரை, தேவாலயம். நம் ஊரில் இப்படி ஒன்று கட்ட வேண்டுமென்றால் யார் வாசல் எந்தப் பக்கம் என்பதற்கே பத்து வருஷம் கோர்ட்டில் கிடக்கும். இங்கே எல்லார் செருப்பும் ஒழுங்காக அடுக்கில் இருந்தது.

திங்கட்கிழமை தவராசாவுக்கு விடியற்காலை ஷிஃப்ட். "பத்து மணிக்கு ஃபிரவ் மார்ட்டி உங்களைப் பாக்கிறா. ஒரு நிமிசமும் பிந்தக் கூடாது, விளங்குதோ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தனியாக ரயிலேறினேன். துன் வந்தது. வண்டி நின்றது. கதவுக்கு முன்னால் பையும் மக்ரூன் டப்பாவுமாக நின்றேன். கதவு திறக்கவில்லை. நம் ஊராக இருந்தால் பின்னால் நிற்கும் கூட்டமே என்னைத் தூக்கி நடைமேடையில் வைத்திருக்கும். இங்கே எனக்குப் பின்னால் யாருமே இல்லை. சற்று நின்று பார்த்த ரயில் கிளம்பிவிட்டது.

எதிர் இருக்கையில் ஊன்றுகோலோடு இருந்த பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இறங்க நினைத்தீர்களா? நீங்கள் கதவுக்குக் காவல் நிற்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்." பொத்தானை அமுக்கினால்தான் கதவு திறக்குமாம். இதை முன்னாடியே சொன்னால் உம்ம கிரீடம் இறங்கிவிடுமா என்று தமிழில் திட்டினேன். அவர் நன்றி சொன்னார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி வந்து, பேருந்து பிடித்து இல்லத்தின் வாசலில் நின்றபோது மணி பத்து ஐம்பது. தவராசா வெளியே நின்றிருந்தார்.

"பத்துக்கு முதலே நல்ல உடுப்புப் போட்டு, தலை இழுத்து, இருந்தவ அண்ணை. பத்தரைக்குப் புத்தகத்தை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிட்டா. நாளைக்குப் பத்து மணியாம்."

"ரயில் கதவு தெறக்கல தம்பி…"

"பொத்தானை அமத்தேல்லையோ?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் பையை வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த இரண்டு நாளில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன்.

சும்மா இருக்க மனமில்லை. வெக்ஸ்கமின் கல்லறையையாவது பார்த்து ஒரு பூ வைப்போம் என்று இடுகாட்டைத் தேடிப் போனேன். அங்கே மண்வெட்டியோடு வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் பெயரைச் சொன்னேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஒரு கல்லறையைக் கிட்டத்தட்ட இருபது வருஷம் வைத்திருப்பார்களாம். அப்புறம் கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"அடப்பாவிகளா!" என்று வாய்விட்டே சொன்னேன். எங்கள் ஊரில் டச்சுக்காரன் கல்லறைமேல் இன்றைக்கும் ஆடு படுத்திருக்கிறது. அவன் பெயரை வாசிக்கலாம்.

"பிறகு வருகிறவர்களுக்கும் இடம் வேண்டாமா?" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாங்கிய பூவை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு ஃபிரவ் மார்ட்டியின் அறைக் கதவு திறந்தது. தொண்ணூற்றொரு வயது. சக்கர நாற்காலி, நீலச் சட்டை, காதில் முத்து. ஜன்னலுக்கு வெளியே ஏரி. அதற்கு அந்தப் பக்கம் கூர்மையான மலை. என்னை மேலும் கீழும் பார்த்து, பேர்ண் ஜெர்மனில் ஏதோ சொன்னாள்.

"இண்டைக்குக் கதவு திறந்ததோ எண்டு கேக்கிறா," என்றார் தவராசா.

மக்ரூனை நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டு மெல்ல விட்டுக் கரைத்தாள். பிறகு டப்பாவைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். ஓர் ஆளை எனக்குப் பிடித்துப்போக அது போதும்.

புத்தகம் மேசைமேல் இருந்தது. எண்ணெய்த் துணி உறை, உப்பேறிய ஓரம். உறையைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல் என்ரை கதையைக் கேள் எண்டுறா," என்று தவராசா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லத் தொடங்கினார். "சின்ன வயசிலை வீட்டிலை ஆரும் கோப்பையை உடைச்சால், 'ஈயம் போட்டவன் உடைச்சுட்டான்' எண்டு சொல்லுவினமாம். பால் பொங்கி ஊத்தினாலும் ஈயம் போட்டவன். சிரிக்கிறதுக்குச் சொல்லுறது. தகப்பனுக்கு அவரின்ரை தகப்பன் சொல்லிக் குடுத்ததாம். ஆனால் பூட்டன், அந்தக் கப்டன், இதைச் சொன்னால் மேசையை விட்டு எழும்பிப் போயிடுவாராம். ஏன் எண்டு ஆருக்கும் தெரியாது. புத்தகத்திலை முழுக்க இலக்கம், எழுத்தும் விளங்காது. நீங்கள் இந்த வேலை செய்த ஆள். வாசிச்சு உண்மையைச் சொல்லோணுமாம். தன்னைச் சந்தோசப்படுத்த எண்டு ஒண்டும் சொல்லக் கூடாதாம்."

பூட்டன் என்றால் யாழ்ப்பாணத்தில் கொள்ளுத் தாத்தா.  தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் படகு இறக்குமுன் ஆழக் கயிற்றைத் தரையில் நீட்டி, ஆணியடித்து வைத்த அளவோடு ஒப்பிட வேண்டும். மாலையில் வந்ததும் மறுபடியும். கயிறு உயிருள்ள சாமான். நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும். அளந்த பிறகுதான் அன்றைய கணக்கை நம்பலாம். வெக்ஸ்கமின் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் முதல் வரி அதுதான்: கயிறு அளக்கப்பட்டது, சரி. காய்ச்சல் நாளிலும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்றும் இருந்தது. எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. பார்த்தீர்களா என் ஆளை என்று தவராசாவிடம் சொன்னேன்.

திட்டு அளந்த நாள் வந்தது. அந்த முதல் வரி இல்லை.

பக்கத்தைத் திருப்பினேன், பின்னால் திரும்பினேன், ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார்த்தேன். இல்லை. எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன. மாலைக் குறிப்பு இருந்தது. பழைய கயிறு அறுந்துபோய் அன்று புதுக் கயிறு எடுத்திருக்கிறார்கள். உலர்ந்த கயிற்றிலேயே பாக அடையாளத்தைக் கட்டியிருக்கிறார்கள். புதுச் சணல் கயிறு தண்ணீரில் நனைந்ததும் சுருங்கியிருக்கிறது. பத்து பாகம் என்று அடையாளம் காட்டிய இடத்தில் உண்மையில் ஒன்பதேகால்தான். மாலையில் அளந்து இதைக் கண்டுபிடித்து, 'எல்லா எண்ணையும் குறைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே இன்னொரு வரி: 'கயிற்றை ஊறவைத்து அளக்கும்படி கதிரவேலு விடியற்காலையிலேயே இரண்டு முறை சொன்னான். காற்று மாறுமுன் முடிக்க வேண்டும், நேரமில்லை என்றேன்.'

கதிரவேலு. விசாரணைக் காகிதத்தில் 'ஒரு லஸ்கர்' என்று மட்டும் இருந்த ஆள்.

கடைசி உறைப் பையில் ஒரு கடிதத்தின் நகல் மடித்திருந்தது. கப்பல் உடைந்த செய்தி தெரிந்ததும் இங்கிலாந்திலிருந்து மேலிடத்துக்கு எழுதியது. காய்ச்சலோடு படம் வரைந்தேன்; திருத்தாத எண்களை ஏற்றிவிட்டேன்; குற்றம் முழுவதும் என்னுடையது; ஈயம் போட்ட கதிரவேலு பிழையாகக் கூவவில்லை, அவனுடைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று இருந்தது. ஓரத்தில், மூன்று முறை எழுதியதாகவும், முடிந்த விசாரணையை மறுபடி திறக்க அவசியமில்லை என்று பதில் வந்ததாகவும் குறித்திருந்தார். அதற்கடுத்த மாதம்தான் பதவி விலகியிருக்கிறார்.

புத்தகத்தின் மீதிப் பக்கங்கள் கடல் இல்லை. துன் ஏரி. வயதான கையெழுத்து கோணிக்கொண்டே போகிறது. யாரும் கேட்காமல், சம்பளமில்லாமல், கோடை வந்தால் படகெடுத்து ஏரியை அளந்திருக்கிறார் மனிதர். ஒவ்வொரு நாளும் காலை ஒரு வரி, மாலை ஒரு வரி: கயிறு அளக்கப்பட்டது. பக்கத்தில் சாட்சியாக மீன்காரர்களின் கையெழுத்துகூட வாங்கியிருக்கிறார். படித்துக்கொண்டே வந்தவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. ஆறு வருஷம் அவரைப் பற்றி எழுதியும் அன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்குத் தெரிந்தது.

"என்ன அண்ணை?" என்றார் தவராசா.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கயிறு, கதிரவேலு, காய்ச்சல், கடிதம், ஏரி. அவர் ஒவ்வொன்றாக அந்த அம்மாளுக்குச் சொன்னார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு அந்தப் பெயரை மறுபடி சொல்லச் சொன்னாள். கதிரவேலு என்றேன். இரண்டு மூன்று தரம் தானாகச் சொல்லிப் பார்த்தாள். அப்படிப் பெயர் உங்கள் ஊரில் உண்டா என்று தவராசாவைக் கேட்டாள் போல.

"கதிரவேலு எண்டு கூப்பிட்டால் எங்கட கரையிலை நாலு பேர் திரும்பிப் பாப்பினம்," என்று என்னிடமும் சொல்லிவிட்டு அவளிடமும் சொன்னார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீளமாக ஏதோ சொன்னாள். அதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கிய மனிதர் இதை மட்டும் தமிழாக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்ணுமில்லன்னா ஏன் தம்பி கண் கலங்குது?"

"மன்னிப்புக் கேக்கிறா," என்றார். "ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லையாம். அதாலை என்னட்டைக் கேக்கிறா."

அவர் குனிந்து அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு ஏதோ இரண்டு சொல் சொன்னார். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் இல்லத்தின் உணவறையில் சாப்பாடு. உருளைக்கிழங்கைத் துருவி தோசைபோல வார்த்து வெண்ணெயில் முறுக வைத்த ரோஸ்டி. தவராசா சட்டைப் பையிலிருந்து வசந்தி அரைத்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்து என் தட்டில் கொட்டினார். நன்றாகத்தான் இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

சாப்பிட்டு ஏரிக்கரைக்கு நடந்தோம். என் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: 'கவனமில்லாத ஒரு லஸ்கரின் நாக்கு, மகத்தான ஓர் அளவையாளரின் வாழ்வைக் கவிழ்த்தது.' எழுதிய அன்று எனக்கே கை தட்டிக்கொண்டேன். கயிறு பிடித்துக் கை தோலுரிந்து வந்தவன் நான். ஈயம் போடுகிறவனுக்கு ஆழம் தப்பாது என்று எனக்குத் தெரியாதா? அச்சடித்த காகிதத்தில் இருந்ததால் நம்பிவிட்டேன்.

"அந்த வரியை நீங்க படிச்சீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"வாசிச்சனான் அண்ணை," என்றார். கை பின்னால் கட்டியிருந்தது. "எங்கட கடல்காரன் ஆழத்தைப் பிழையாச் சொல்ல மாட்டான். அதுக்காகத்தான் உங்களுக்கு எழுதினனான். உங்களோடை சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. புத்தகத்தை நீங்களே பாத்தால் போதும் எண்டு நினைச்சன்."

என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு நாள் புட்டு போட்டு, மிளகாய்த்தூள் கொட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "விடுங்கோ அண்ணை, முதல் போனை எடுங்கோ," என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து பதிப்பாளரைக் கூப்பிட்டேன். சென்னையில் மாலை நேரம்.

"சார், ஊரெல்லாம் எப்படி இருக்கு? நாளைக்குக் காலையில மெஷின்ல ஏத்துறோம்."

"ஏத்தாதீங்க. ஏழாம் அத்தியாயம் தப்பு. அதுக்கப்புறம் இருக்கிறதும் தப்பு. திரும்ப எழுதணும்."

"என்ன சார் இது! அட்டை அடிச்சாச்சு. விழாவுக்கு ஹால் போட்டாச்சு. யாரு, அந்த லஸ்கர் விஷயமா? ஒரு வரிதானே சார். முடிஞ்சதைத் திரும்பத் திறக்கணுமா? அடுத்த பதிப்பில பாத்துக்கலாம்."

"அவர் லஸ்கர் இல்ல. கதிரவேலு. பேரை எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பேனா தேடுகிறார் என்று தெரிந்தது.

"சரி சார், எழுதிட்டேன். ஆனா எவ்வளவு நாள் ஆகும்? அதைச் சொல்லுங்க."

"அந்த ஆள் நூத்தம்பது வருஷமா காத்துக்கிட்டு இருக்கார்," என்றேன். "நீங்க ஒரு மாசம் காத்திருங்க."